‘நட்டை இறுக்கிட்டா போதாதா?’ மாடல் விமான எஞ்சினில் புரொப்பல்லர் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

மணப்பட்டு கடற்கரையில் கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் அவுட்போர்டு எஞ்சினைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அதன் புரொப்பல்லர் வெறும் நட்டை மட்டும் நம்பி நிற்பதில்லை. தண்டில் பல் வெட்டியிருக்கும், அல்லது குறுக்கே ஒரு பின் செருகியிருக்கும். நடுவில் ரப்பர் புஷ்ஷும் உண்டு. அடியில் மணல்திட்டோ வலையோ தட்டினால் பின் உடையும், இல்லையென்றால் ரப்பர் வழுக்கும். எஞ்சின் தப்பித்துவிடும்.

அதே கடற்கரையில் ஒரு கல்லூரி மாணவர் மாடல் விமானத்தைக் கொண்டுவந்து வைத்தால், அதன் மூக்கில் இருக்கும் புரொப்பல்லருக்குப் பின்னும் கிடையாது, பல்லும் கிடையாது. வழவழப்பான ஓட்டைக்குள் திருகுபோட்ட தண்டு நுழைகிறது. பின்னால் சொரசொரப்பான ஒரு வட்டு, முன்னால் வாஷர், அதற்கும் முன்னால் நட்டு. அவ்வளவுதான். நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும் பொருளைப் பிடித்து வைத்திருப்பது வெறும் உராய்வு.

யூடியூபில் பார்த்துவிட்டு ஆன்லைனில் எஞ்சின் வாங்கும் இளைஞர்கள் பலருக்கு இந்த விஷயம் பிடிபடுவதில்லை. ரிமோட், பேட்டரி, இறக்கை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். புரொப்பல்லர் மட்டும் ‘அதான் மாட்டியாச்சே’ கணக்குதான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் விரல் போவதும் கண்ணில் அடிபடுவதும் அந்த இடத்தில்தான்.

ரைட் சகோதரர்களையும் படுத்திய நட்டு

இது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் வரும் பிரச்சினை இல்லை. 1903 நவம்பரில் அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்மேட்டில் ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, புரொப்பல்லர் தண்டில் இருந்த பல்சக்கரங்களின் நட்டுகள் திரும்பத் திரும்பத் தளர்ந்தன. எவ்வளவு இறுக்கினாலும் எஞ்சினின் அதிர்வு அவற்றைக் கழற்றிவிட்டது. கடைசியில் சைக்கிள் டயர் ஒட்டும் பசையைச் சூடாக்கி மரையில் ஊற்றி இறுக்கினார்கள். சைக்கிள் கடைக்காரர்களுக்கே தோன்றும் வைத்தியம் அது! நட்டு நின்றது. ஆனால் அதே மாதக் கடைசியில் தண்டிலேயே விரிசல் விழுந்தது. ஆர்வில் ஊருக்குப் போய் ஸ்பிரிங் எஃகில் புதுத் தண்டு செய்துகொண்டு வந்தார். டிசம்பர் 17 அன்று விமானம் பறந்தது.

இறக்கையும் எஞ்சினும் தயாராக இருந்தும் தண்டும் நட்டும் அவர்களைப் பல நாள் காக்கவைத்தன.

11x6 என்றால் என்ன?

புரொப்பல்லரில் 10x6, 11x6 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள நீளம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச். ஸ்க்ரூ மரத்துக்குள் ஏறுவதுபோல, ஒரு சுற்றுக்குக் காற்றில் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற ஏட்டுக்கணக்கு.

பழகுநர் விமானங்களில் பரவலாக இருப்பது ‘40’, ‘46’ எனப்படும் எஞ்சின்கள். அதாவது 0.40, 0.46 கன அங்குலம், கிட்டத்தட்ட 6.5 முதல் 7.5 சிசி. 46 எஞ்சினில் 11x6 மாட்டி 12,000 ஆர்.பி.எம். ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பிளேடின் நுனி விநாடிக்கு சுமார் 175 மீட்டர் வேகத்தில் சுற்றும். மணிக்கு 630 கிலோமீட்டர். ஒலியின் வேகத்தில் பாதி.

இன்னொரு கணக்கு. ஒரு பிளேடின் எடை 12 கிராம், அதன் எடைமையம் தண்டிலிருந்து 6 செ.மீ. தள்ளி என்று வைத்தால், அந்த வேகத்தில் பிளேடு வெளிப்பக்கம் இழுக்கும் விசை 115 கிலோ எடைக்குச் சமம். ஒரு ஆளைவிட அதிக எடை, ஒரு பிளாஸ்டிக் துண்டின் அடிப்பகுதியில் தொங்குகிறது. நடுவில் முடி அளவு விரிசல் இருந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த எஞ்சினுக்கு எந்த அளவு என்பதை எஞ்சினோடு வரும் கையேடு சொல்லும். சின்னதாகப் போட்டால் எஞ்சின் தறிகெட்டு ஓடும். பெரிதாகப் போட்டால் மூச்சு வாங்கிச் சூடேறும். ‘கையில இருந்ததை மாட்டினேன்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

எழுத்து எந்தப் பக்கம்?

முதல் விதி எளிது: அளவும் பெயரும் அச்சிட்ட பக்கம், அதாவது மேடாக வளைந்த பக்கம், விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். தட்டையான பக்கம் பின்னால்.

இதில் ஒரு குழி இருக்கிறது. புரொப்பல்லரைத் திருப்பி மாட்டினால் காற்று முன்பக்கம் அடிக்கும், விமானம் பின்னால் போகும், தப்பு உடனே தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தெரியாது. ஒரு நட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் அது போல்ட்டில் அதே திசையில்தானே ஏறுகிறது? புரொப்பல்லரும் அப்படித்தான். திருப்பி மாட்டினாலும் காற்றைப் பின்னால்தான் தள்ளும். ஆனால் மெல்லிய பின்விளிம்பு முன்னால் வெட்டிக்கொண்டு போகும், வளைந்த பக்கம் பின்னால் திரும்பியிருக்கும். இழுவை குறையும், இரைச்சல் கூடும். ‘எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, பிளேன் மட்டும் எழும்ப மாட்டேங்குது’ என்று கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே ஒரு நாள் போய்விடும்.

வழக்கமான எஞ்சின்கள், முன்னால் நின்று பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கடையில் கிடைக்கும் சாதாரண புரொப்பல்லர்களும் அதற்குத்தான்.

ஓட்டை சிறிதாக இருந்தால்

புதுப் புரொப்பல்லரின் ஓட்டை பெரும்பாலும் எஞ்சின் தண்டைவிடச் சின்னதாகவே வரும். ஒரே அளவு பல எஞ்சின்களுக்குப் போக வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. 40, 46 எஞ்சின்களின் தண்டு பொதுவாகக் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.

வீட்டில் இருக்கும் டிரில் மெஷினை எடுத்து ஓட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். டிரில் பிட் நைலானில் கடித்து ஒரு பக்கமாக இழுக்கும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் மொத்தப் புரொப்பல்லரும் மையம் தப்பிச் சுற்றும். இதற்கென்றே படிப்படியாக அகலமாகும் ரீமர் விற்கிறார்கள். கையால் மெதுவாகச் சுற்றி, பழைய ஓட்டையின் மையத்தை விடாமல் பெரிதாக்கலாம். தண்டு தள்ளினால் நுழைய வேண்டும், ஆடக் கூடாது. ஓட்டை பெரிதாகிவிட்டால் டேப் சுற்றி மாட்டும் வேலை வேண்டாம். அந்தப் புரொப்பல்லரைப் பெரிய தண்டுள்ள எஞ்சினுக்கு ஒதுக்கிவிடுவதே சரி.

சமநிலை: கால் கிராம்கூட வேண்டாம்

இரண்டு பிளேடும் ஒரே எடை இருக்கும் என்று நம்பி மாட்டுவது வழக்கம். தொழிற்சாலையிலிருந்து வருவதெல்லாம் அப்படி இருப்பதில்லை. நுனியருகே, தண்டிலிருந்து 12 செ.மீ. தூரத்தில், ஒரு பக்கம் 0.1 கிராம் கூடுதல் இருந்தால் 12,000 ஆர்.பி.எம்.மில் அது கிட்டத்தட்ட 2 கிலோ விசையாக எஞ்சினை உலுக்கும். ஒரு விநாடிக்கு 200 முறை. எரிபொருள் டேங்கில் நுரை தட்டும், ஸ்க்ரூ தளரும், ரிமோட்டின் ரிசீவர் வரை பாதிப்பு போகும். நட்டு தளரவும் இதுவே ஒரு காரணம்.

சரிபார்க்க பேலன்சர் கருவி உண்டு. புரொப்பல்லரை அதன் தண்டில் கிடையாக வைத்துவிட்டால் கனமான பக்கம் தானாகக் கீழே இறங்கும். அந்தப் பிளேடை மெல்லிய உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். மரப் புரொப்பல்லர் என்றால் லேசான பிளேடில் வார்னிஷ் ஒரு கோட் ஏற்றலாம். எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நின்றால் வேலை முடிந்தது. அப்படியே பிளேடின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். அச்சில் வார்த்த புரொப்பல்லர்களில் பிசிறு கத்திபோல நிற்கும். உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். மாட்டிய பிறகு கையால் மெதுவாகச் சுற்றி, இரண்டு நுனியும் ஒரே இடத்தைக் கடந்துபோகிறதா என்று பார்ப்பதும் அவசியம். விமானத்தின் முன்னால் ஒரு பென்சிலை நிறுத்தினாலே தெரிந்துவிடும்.

எந்த நிலையில் இறுக்குவது?

எங்கே வேண்டுமானாலும் இறுக்கலாம் என்பது போலத் தெரியும். அனுபவம் உள்ளவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். குளோ பிளக்கைச் சூடேற்றும் கிளிப் இணைக்காத நிலையில், எஞ்சினை அது சுற்றும் திசையில் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் கை தட்டுப்படும். உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தத் தொடங்கும் இடம் அது. அந்த இடத்தில் புரொப்பல்லர் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே சாய்ந்து நிற்குமாறு வைத்து இறுக்குவார்கள். கையால் தட்டி ஸ்டார்ட் செய்ய அந்த நிலை வசதி. வானத்தில் எஞ்சின் நின்றுபோனாலும் பெரும்பாலும் அதே அழுத்தத்தில் தட்டி, புரொப்பல்லர் படுக்கைவாட்டில் நிற்கும். வயிறு தேய்த்து இறங்கினாலும் பிளேடு தப்பிக்கும்.

இறுக்கவும் தளரவும் ஒரே திசை காரணம்

எஞ்சின் ஓடும்போது காற்று புரொப்பல்லரைத் தடுக்கிறது. அந்தத் தடை நட்டை இறுக்கும் பக்கமாகவே தள்ளும். அதனால் சீராக ஓடும்வரை ஆபத்து குறைவு. சிக்கல் வருவது எஞ்சின் சட்டென நிற்கும்போதும், ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் ‘டப்’ என்று எதிர்ப்பக்கம் உதைக்கும்போதும்தான். தண்டு நின்றுவிடும், ஓடிய வேகத்தில் புரொப்பல்லர் நிற்காது. நட்டைக் கழற்றிக்கொண்டு அது முன்னால் பறக்கும். முன்னால் யார் நிற்கிறார்கள்?

அதனால்தான் ஒரு நட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு நட்டு போடுவது. அளவுக்குச் சரியான ஸ்பேனரால் இறுக்க வேண்டும். கட்டிங் பிளையர் நட்டின் மூலையைத் தேய்த்துவிடும், பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. வாஷரை விட்டுவிட்டு நட்டை நேரடியாகப் பிளாஸ்டிக்கில் அழுத்துவதும் கூடாது.

மரப் புரொப்பல்லர் வைத்திருப்பவர்களுக்கு மணப்பட்டு மாதிரி கடலோர ஊரில் இன்னொரு வேலை உண்டு. கடல்காற்றின் ஈரத்தில் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும். நேற்று இறுக்கியது இன்று தளர்ந்திருக்கும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறை, பிறகு ஒவ்வொரு நாளும் பறப்பதற்கு முன் ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்ப்பது நல்லது. நைலானும் கொஞ்சம் அமுங்கும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

எங்கே நிற்பது?

புரொப்பல்லர் சுற்றும் தளத்தில், அதாவது அதன் பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது. பிளேடு உடைந்தால் அந்தத் திசையில்தான் வீசும். நேர் முன்னாலும் நிற்கக் கூடாது. ஆக மிஞ்சுவது பின்பக்கம். எஞ்சின் பிடித்ததும் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, அங்கிருந்துதான் எரிபொருள் ஊசியைத் திருக வேண்டும், குளோ பிளக் கிளிப்பைக் கழற்ற வேண்டும். பிளேடுக்கு மேலாகக் கையை நீட்டிப் பலர் காயம்பட்ட பிறகு, சில நிறுவனங்கள் ஊசியையே எஞ்சினின் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டன.

விரலால் தட்டி ஸ்டார்ட் செய்வது பார்க்க ‘கெத்து’தான். ரப்பர் சுற்றிய குச்சி அல்லது எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் அந்த வேலையைப் பத்திரமாகச் செய்யும். ஆபீஸிலிருந்து நேராக மைதானத்துக்கு வருபவர்கள் கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு நாடாவை முதலில் கழற்ற வேண்டும். குனிந்தால் அது சரியாகப் புரொப்பல்லருக்கு முன்னால்தான் தொங்கும். துப்பட்டா, தளர்ந்த முழுக்கை சட்டை, துண்டு எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். கண்ணாடி அணிவது கட்டாயம். விமானத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இருக்க வேண்டும்.

வேகமாகச் சுற்றும் புரொப்பல்லர் கண்ணுக்குத் தெரியாது என்பதை எழுதிப் படித்தால் சாதாரணமாக இருக்கிறது. அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான், ஒன்றுமில்லாத காற்றைப் போல அது ஏமாற்றுவது புரியும். நுனியில் வெள்ளையோ மஞ்சளோ பெயின்ட் அடித்தால் ஒரு வளையமாகத் தெரியும்.

பேட்டரி மோட்டாரும் டிரோனும்

இப்போது புதிதாக வருபவர்களில் அதிகம் பேர் பேட்டரி மோட்டார்தான் வாங்குகிறார்கள். சத்தம் இல்லை, மெத்தனால் வாடை இல்லை. ஆனால் ஒரு விதத்தில் இது எஞ்சினைவிட மோசம். விரல் பட்டால் சின்ன எஞ்சின் நின்றுபோகவாவது வாய்ப்பு உண்டு. மோட்டார் இன்னும் அதிகக் கரண்டை இழுத்துச் சுற்றப் பார்க்கும். மேசையில் வைத்து ரிமோட்டை இணைக்கும்போது, அளவுகளைத் திருத்தும்போது, புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். மோட்டார் தப்பான திசையில் சுற்றினால் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் திசை மாறும். அதற்காகப் புரொப்பல்லரைத் திருப்பி மாட்டுவது தீர்வு இல்லை.

டிரோனில் விஷயம் வேறு. நான்கு மோட்டாரில் இரண்டு ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம் சுற்றும். அதற்கேற்ப வலது, இடது என இரண்டு வகைப் புரொப்பல்லர். ஒன்றை மாற்றி மாட்டினாலும் அந்த மூலை மேலே தூக்குவதற்குப் பதில் கீழே தள்ளும். எழும்பும் முன்பே டிரோன் குப்புறக் கவிழும். சில டிரோன்களில் இரண்டு மோட்டாருக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருப்பதற்கும், மேலே பார்த்த ‘ஓடும்போது இறுகும்’ கணக்குதான் காரணம்.

இந்த வேலையை முறையாகக் கற்க வழி இல்லாமல் இல்லை. என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானம் செய்வதும் பறக்கவிடுவதும் பயிற்சியிலேயே இருக்கிறது. எஸ்.ஏ.இ. இந்தியாவின் தென்மண்டலப் பிரிவு பொறியியல் மாணவர்களுக்கு ஏரோ டிசைன் சேலஞ்ச் போட்டி நடத்துகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தது.

மணப்பட்டில் பறக்கவிடலாமா?

2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான டிரோன் விதிகள் மாடல் விமானங்களையும் சேர்த்தே பேசுகின்றன. கல்விக்கும் பொழுதுபோக்குக்கும், கண் பார்வைக்கு எட்டும் தூரத்துக்குள் பறக்கவிடும் மாடலுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரையுள்ளதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டாம். ஆனால் 40 எஞ்சின் போட்ட பழகுநர் விமானம் எளிதாக 2 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் அது 200 அடியாகக் குறையும், அதற்கும் நெருக்கமாகப் போனால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். லாஸ்பேட்டை விமான நிலையம் மணப்பட்டிலிருந்து 12 கி.மீ.க்கு அப்பால்தான். ஆனாலும் மண்டலங்கள் மாறக்கூடியவை. கிளம்பும் அன்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் போனில் திறந்து பார்த்துவிட வேண்டும்.

இடம் கிடைத்தாலும் மணலில் வைத்து எஞ்சினை ஓட்டாதீர்கள். புரொப்பல்லர் மணலை உறிஞ்சித் தன் மேலேயே அடித்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் முன்விளிம்பு முழுக்க அரித்துவிடும், கார்புரேட்டருக்குள்ளும் மணல் போகும். ஒரு பழைய பிளைவுட் பலகையோ தார்ப்பாயோ கீழே விரித்தால் போதும். காற்று ஏறும் முன், காலையிலேயே பறத்தல் முடிந்தால் நல்லது. கிளம்பும்போது எரிபொருளைத் தீர்த்துவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு எஞ்சினைக் கையால் சுற்றி வையுங்கள். உப்புக்காற்று பேரிங்கை விட்டுவைக்காது.

பிளேடில் வெட்டுப்பட்ட தழும்போ வெள்ளைக் கோடோ தெரிந்தால் ஃபெவிக்விக் எடுக்க வேண்டாம். இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது ஒரு பொடியன் எடுத்துக்கொண்டு போய் மறுபடி மாட்டுவான்.